மூன்று மாதம் தாமதமாக வந்த பெயர்

அன்புள்ள சுந்தரம்,

இங்கு நலம். அங்கும் அப்படியே என நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் போடாதது என் தவறு. கல்யாண வீட்டில் நீ என்னைத் தேடியதாக மீனாட்சி அக்கா சொன்னபோது வெட்கமாக இருந்தது. ஆனால் இன்று எழுதவைத்தது வேறொரு மனச்சுமை.

மூன்று மாதங்களுக்கு முன், செயற்கை மூட்டு பொருத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் முழங்கால் நீர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. இரண்டு குப்பிகளில் ஒன்றில் மட்டும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. குழாய்ச் சோதனையில் கோயாகுலேஸ், அதாவது பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதி, இல்லை என்று வந்ததால், தோலிலிருந்து கலந்த மாசாக இருக்கலாம் என எழுதிக் கையெழுத்திட்டேன். சென்ற வாரம் அதே மூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

கழற்றிய உலோகத்தை மீயொலித் தொட்டியில் வைத்து, ஒட்டியிருந்த உயிர்ப்படலத்தை, அதாவது கிருமிகள் கூட்டாகக் கட்டிக்கொள்ளும் பிசின் போர்வையை, உதிர்த்து, அந்த நீரை வளர்த்தோம். சென்ற மாதம்தான் எங்களுக்கு, புரதங்களின் எடையை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி வந்தது. பற்குச்சி முனையில் எடுத்த துளிக் காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த கிருமித் திட்டை, எஃகுத் தகட்டில் தடவி, ஒரு மைக்ரோலிட்டர் ஃபார்மிக் அமிலம் விட்டு, அது காய்ந்ததும், லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் மேட்ரிக்ஸ் கரைசலை விட்டேன். அது வெளிர்மஞ்சள் படிகமாக உறைவதைப் பார்த்தபடி நின்றேன். லேசர் பட்டுக் கிளம்பும் புரதங்களில் இலேசானவை முதலில் வந்து சேரும். அந்த நேர வித்தியாசமே கிருமியின் முகவரி. சில நிமிடங்களில் திரையில் வந்த பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ், மதிப்பெண் 2.2, இரண்டைத் தாண்டினால் இனத்தின் பெயரை நம்பலாம். 1988இல் பெயரிடப்பட்ட அந்தக் கிருமி, லியோன் நகரின் பழைய பெயரைத் தாங்கியிருக்கிறது. பெரும்பாலும் சாதுவான, கோயாகுலேஸ் இல்லாத கூட்டத்தில் நின்றுகொண்டே, அதே குடும்பத்தின் கொடிய கிருமியான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைப் போலக் கொடுமை செய்வது. கிளிசராலில் உறையவைத்திருந்த பழைய காலனியையும் எடுத்து ஓட்டினேன். அதே பெயர். இரண்டும் ஒரே வம்சம் என்று இக்கருவி நிரூபிக்காது என்றாலும், அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுந்தரம், கருவியைக் கொண்டாடிவிட்டு நிற்க எனக்கு மனமில்லை. அது காண்பது பெரும்பாலும் 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையிலான புரதங்களை, அதிலும் செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் புரதங்களை. கிருமி படலம் கட்டியதா என்பதை அது சொல்லாது. அதற்கு, படலத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கிரிஸ்டல் வயலெட் சோதனை தனியாக வேண்டும். தட்டில் வளர்ந்த காலனிக்குப் பலிக்கும் மருந்து, படலத்துக்குள் பதுங்கியதை அதே அளவில் தொடாது என்பதையும் மருந்து பலிக்கும் என்பதைக் குறிக்க அறிக்கையில் இடும் ‘எஸ்’ என்ற எழுத்து மறைத்துவிடுகிறது. ஆனால் சரியான பெயர் அன்றே தெரிந்திருந்தால், மாசு என்ற சொல்லை நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த ஆசிரியரின் மருத்துவர் மறுமாதிரி கேட்டிருப்பார்.

நுண்ணுயிரியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உறங்கிய நீதான் இன்று வாரம் நான்கு மூட்டு மாற்றுகிறாய். ஆகவே உன்னிடமே கேட்கிறேன். நோயாளியின் நிலை இடங்கொடுத்தால், கழற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்து. திசு ஒன்றோடு முடிக்காமல் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து துண்டு அனுப்பு. கழற்றிய உலோகத்தை ஃபார்மலினில் போடாமல், கிருமிநீக்கிய மூடிய பெட்டியில் அன்றே ஆய்வகத்துக்குக் கொடு. உங்கள் ஊரில் மீயொலித் தொட்டி இல்லையென்றால் எனக்குத் தொலைபேசியில் சொல். மதுரைக்கு வரும் முதல் பேருந்திலேயே வாங்கிக்கொள்ள ஆளை நிறுத்துகிறேன்.

அன்புடன்,
ராமு