‘ஆல்தோ’ போட்ட பிறகு ‘பட்’ எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கும்போது உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில மாதிரி வினாக்களை வெட்டி வைத்து என் ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். அதில் ஒரே கருத்தை மூன்று விதமாக மாற்றி எழுதச் சொல்லும் வினா எப்படியும் வந்துவிடும். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்றால் சிம்பிள், ‘தோ’, ‘ஆல்தோ’ என்றால் காம்ப்ளெக்ஸ், ‘பட்’ என்றால் காம்பவுண்ட் என்று பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளையிடம் நேற்று ஏன் வரவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். “ஆல்தோ ஐ ஸ்டார்ட்டட் எர்லி, பட் த பஸ் டிடின்ட் கேம்” என்று பதில் வரும், அல்லது பின்பாதி அப்படியே நிகழ்காலத்துக்குத் தாவி “பட் த பஸ் இஸ் நாட் கமிங்” என்று வரும்.

இதைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பிழைகளில் பல தமிழ் வாக்கியம் கட்டப்படும் விதத்திலிருந்து வருகின்றன. அதனால் அவற்றைத் திருத்தவும் தமிழையே பயன்படுத்தலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் அந்த இரட்டை இணைப்பு. தமிழில் “சீக்கிரம் கிளம்பினாலும் பஸ் வரவில்லை” என்போம், அல்லது “சீக்கிரம் கிளம்பினேன், ஆனால் பஸ் வரவில்லை” என்போம். “கிளம்பினாலும், ஆனால்” என்று சேர்த்து எழுத நமக்கே கை வராது. அப்படியிருக்க ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இரண்டும் வருகிறது? நம் ‘ஆலும்’ இரண்டு பாதிகளும் சேரும் மூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, ‘ஆல்தோ’வோ வாக்கியத்தின் தலையில் போய் நிற்கிறது. பேசிக்கொண்டே மூட்டுக்கு வரும் பிள்ளைக்கு அங்கே ஒன்றும் இல்லாதது மாதிரி தோன்றுகிறது, உடனே ஒரு ‘பட்’டை வைத்துவிடுகிறது. அந்த இடத்தில் எழுத்தில் ஒரு காற்புள்ளி, பேச்சில் ஒரு சின்ன நிறுத்தம், அவ்வளவு போதும். இதற்கு நம் பழைய இலக்கணப் பாடமும் ஒரு காரணம். ‘தோ’ வந்தால் ‘யெட்’ வரவேண்டும் என்று ஜோடியாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அது தவறான ஆங்கிலம் இல்லை, 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில்கூட அந்த ஜோடி உண்டு. ஆனால் பஸ் வராத கதையைச் சொல்ல இன்றைக்கு அது தேவைப்படாது.

அடுத்தது காலம். “நேற்று மழை பெய்தாலும் போனோம்”, “நாளை மழை பெய்தாலும் போவோம்” என்ற இரண்டிலும் ‘பெய்தாலும்’ ஒரே சொல்தான். பார்க்க இறந்தகாலம் மாதிரி இருந்தாலும் அதற்கென்று தனிக் காலம் கிடையாது, கடைசியில் வரும் வினைதான் மொத்த வாக்கியத்துக்கும் காலம் சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை, ஒவ்வொரு பாதியும் தன் காலத்தைத் தானே சொல்லியாக வேண்டும். நேற்றைக்கு “ஆல்தோ இட் ரெய்ன்ட், வி வென்ட்”. நாளைக்கு ‘ஆல்தோ’வே சரிப்படாது, “ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில் கோ”. நம் ‘ஆலும்’ இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் பிள்ளைகள் நடந்து முடிந்ததற்கும் ‘ஈவன் இஃப்’ போட்டுவிடுகிறார்கள். இதற்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு: ‘பெய்தாலும்’ இருக்கும் இடத்தில் ‘பெய்தும்’ போட்டுப் பாருங்கள். “மழை பெய்தும் போனோம்” சரியாக இருக்கிறது, ஆகவே ‘ஆல்தோ’ அல்லது ‘ஈவன் தோ’. “நாளை மழை பெய்தும் போவோம்” காதுக்கே ஒட்டவில்லை, ஆகவே ‘ஈவன் இஃப்’. “சொல்லியும் கேட்கவில்லை”, “படித்தும் வேலை கிடைக்கவில்லை” என்று நாள் முழுக்கப் பேசும் பிள்ளைக்கு இது புரிய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எதிர்மறையும் அப்படித்தான். ‘டிடின்ட் கேம்’ ஏன் தவறு என்று அரைப்பக்கம் விதி எழுதிப் போட வேண்டாம். ‘வந்தது’ என்கிறோம், ஆனால் ‘வந்தவில்லை’ என்று யாராவது சொல்வோமா? ‘வரவில்லை’ என்றுதான் வருகிறது, அந்த ‘வர’வில் காலம் இல்லை. அதே மாதிரிதான் ‘டிடின்ட் கம்’.

அப்புறம் இந்த ‘ஹேட்’. இறந்தகாலம் என்றாலே அதைச் சேர்த்தால்தான் மரியாதை என்று ஒரு எண்ணம் அலுவலகக் கடிதங்கள் வரை பரவிக் கிடக்கிறது. “ஐ ஹேட் கால்ட் யூ யெஸ்டர்டே, பட் யூ ஹேட் நாட் ஆன்ஸர்ட்” என்று எழுதத் தேவையே இல்லை. “ஐ கால்ட் யூ யெஸ்டர்டே, பட் யூ டிடின்ட் ஆன்ஸர்” போதும். ஒன்று நடப்பதற்குள் இன்னொன்று முடிந்துபோயிருந்தால்தான் ‘ஹேட்’டுக்கு வேலை: “ஐ ரேன் டு த ஸ்டேஷன், பட் த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்”. ஓடினேன், ஆனால் ரயில் போயிருந்தது. அந்த ‘இருந்தது’தான் இந்த ‘ஹேட்’. இரண்டு பக்கமும் ஒரே காலம்தான் வரவேண்டும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு, அதுவும் சரியில்லை. “ஐ பாட் திஸ் சைக்கிள் இன் 2012, பட் இட் ஸ்டில் ரன்ஸ் வெல்” என்பது நல்ல வாக்கியம். வாங்கியது அன்று, ஓடுவது இன்று.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த மாற்றி எழுதும் வினா, மூன்று வாக்கியங்களுக்கும் பொருள் ஒன்றே என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் பதித்துவிடுகிறது. பேச்சில் அப்படி இல்லை. “கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி” என்பதும் “சோம்பேறி, ஆனால் கெட்டிக்காரன்” என்பதும் ஒன்றா? ஒருவனுக்கு வேலை கிடைக்காது, இன்னொருவனுக்குக் கிடைக்கலாம். ஆங்கிலத்திலும் ‘பட்’டுக்குப் பின்னால் வருவதுதான் கேட்பவர் மனதில் நிற்கும். நேர்முகத் தேர்வில் “ஐ க்ளியர்ட் ஆல் மை பேப்பர்ஸ், பட் ஐ ஃபெயில்ட் இன் மேத்ஸ் ஒன்ஸ்” என்று சொல்லும் பையன் தன் தோல்வியைக் கடைசியாக வைத்துவிட்டு அமைதியாகிறான், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். “ஐ ஃபெயில்ட் இன் மேத்ஸ் ஒன்ஸ், பட் ஐ க்ளியர்ட் இட் த நெக்ஸ்ட் இயர்” என்று சொன்னால் உண்மையும் மாறவில்லை, பேச்சும் நல்ல இடத்தில் முடிகிறது. ‘ஆல்தோ’ இன்னும் ஒரு படி மேல். எந்தப் பாதியின் தலையில் அது நிற்கிறதோ அந்தப் பாதி முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் கொஞ்சம் தணிந்துதான் ஒலிக்கும். முதல் தலைமுறையாகப் படித்து வேலை தேடி அலையும் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வினாத்தாளில் வராத, ஆனால் தினமும் தேவைப்படுகிற ஒன்று: “உங்களைக் கூப்பிடலாம் என்று இருந்தேன், ஆனால் மறந்துவிட்டேன்.” இதற்கு “ஐ வாஸ் கோயிங் டு கால் யூ, பட் ஐ ஃபர்காட்”. சாக்குச் சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் இதைவிட இயல்பான அமைப்பு ஆங்கிலத்தில் இல்லை என்பேன். அதேபோல் பேச்சில் ‘தோ’ கடைசியில் போய் நிற்கும்: “த ஃபுட் வாஸ் குட். இட் வாஸ் எக்ஸ்பென்ஸிவ், தோ.” சாப்பாடு நன்றாக இருந்தது, விலைதான் அதிகம். நம் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே ‘தோ’ செய்கிறது. “அக்கா சென்னையில் படித்தாள், நானோ ஊரிலேயே படித்தேன்” என்பதில் வரும் ‘ஓ’வுக்கு ‘ஒய்ல்’ சரியாகப் பொருந்தும். ‘ஹவெவர்’ கடிதத்துக்கு நல்லது, ஆனால் அதற்கு முன்னால் வெறும் காற்புள்ளி போட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டக்கூடாது, முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ‘டெஸ்பைட்’டுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வராது, அது ‘இன் ஸ்பைட்’டுக்கு மட்டும்.

மாணவர் பக்கத்தில் மாதிரி வினாக்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில், பஸ் வராதது, போன் எடுக்காதது, படித்தும் மதிப்பெண் குறைந்தது என்று பிள்ளைகள் உண்மையில் பேசும் நாலைந்து வாக்கியங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே போடுங்கள். ஒவ்வொரு வாரமும் வேண்டாம், தேர்வு முடிந்து கல்லூரிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும் அந்த ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமாவது வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு வாசகி