எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்கு

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான்வாசிகளுக்கும், தோட்டத்து லயத்தை விட்டு வந்தும் உறவை விடாத பழைய அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

என் கணவர் திரும்பி வந்து இன்றோடு ஒன்பது நாள். வந்த மறுநாளே இதை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பிள்ளைகள் அவரை விட்டு நகரவே இல்லை, நானும்தான். இன்று பையன்களுக்கு முடிவெட்ட நால்வரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது.

பெயர் போடவேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

2024 தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்குள் அவர் லெபனானுக்குக் கிளம்பினார். ஐ.நா. அமைதிப்படையோடு 2007-லிருந்து நம் வீரர்கள் அங்கே போய் வருகிறார்கள்; மால்பாட், அதாவது அங்குள்ள மலேசியப் படைப்பிரிவு, என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அவர் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருப்பவர். அப்போது மூத்தவளுக்குப் பத்து வயது, இரட்டையருக்கு ஏழு, கடைக்குட்டிக்குப் பத்து மாதம். முகாம் குவாட்டர்ஸை விட்டு, அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஓராண்டை ஓட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன்.

நவம்பர் 7-ஆம் தேதி இரவே அந்த முடிவு போய்விட்டது.

புதிதாகப் போய் இறங்கிய அமைதிப்படையினரைத் தெற்கே ஏற்றிச் சென்ற வண்டிகள் சிடோன் நகரைக் கடக்கும்போது பக்கத்தில் ட்ரோன் தாக்குதல் நடந்தது. நம் வீரர்கள் சிலருக்கு லேசான காயம். லேசான என்ற அந்தச் சொல் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. முதலில் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தது ஒரே ஒரு வரி: லெபனானில் மலேசிய வீரர்கள் காயம். அவர் எந்த வண்டியில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மக்சிக், நீங்கள் அப்போது தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தீர்கள். பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டீர்கள். "சுடா மாக்கான்?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் சாப்பிடவில்லை என்றதும் இரண்டு வாய் சோற்றை என் கையில் வைத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்துப் படுத்தீர்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் அவர் கூப்பிட்டார். "எனக்கு ஒன்றுமில்லை, தூங்கு" என்றார், அவ்வளவுதான் பேசினோம். சுபுஹ் தொழுகைக்குத்தான் நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் இரவு மறுபடியும் அதே தலையணை. அங்கே போர்நிறுத்தம் வந்த நவம்பர் 27 வரைக்கும், இருபது இரவுகள். நான் எண்ணி வைத்திருக்கிறேன், மக்சிக்.

பள்ளி வேன் ஓட்டும் அண்ணனுக்கும் அண்ணிக்கும்: அன்று சாயங்காலம் பையன்கள் உங்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். செய்தியில் லெபனான் என்ற பேரைக் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு, கேரம் பலகையை எடுத்துப் போட்டீர்களாமே. வாரக்கணக்காக அவர்களுக்கு அது தெரியாமலே இருந்தது. மறக்கமாட்டேன்.

ஒன்றை மனம் திறந்து சொல்லவேண்டும். "ஏதாவது வேணும்னா கூப்பிடும்மா" என்று நல்ல மனதோடு நிறையப் பேர் சொன்னீர்கள். என்னால் கூப்பிட முடியவில்லை. என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லக்கூட ஒரு தெம்பு வேண்டும், அது அப்போது என்னிடம் இல்லை. "சனிக்கிழமை காலையில் பையன்கள் ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போறேன், பசியாற எதுவும் செய்யாதே" என்று வந்து நின்றவர்கள்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். கூரைத் தகரம் பறந்த அன்று கேட்காமலே ஏணியோடு வந்த கோயில் இளைஞர்களும் அப்படித்தான்.

ஜூன் மாதம் இரட்டையரில் மூத்தவனுக்குக் காய்ச்சல். இரண்டு முறை ஒரு கிளினிக்கில் காட்டினேன். சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்கு நிம்மதி. செம்பனைக் காட்டு வேலை முடிந்து அந்த வழியாக வந்த அக்கா, பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கையும் காலும் ஜில்லுன்னு இருக்கு, வயிறு வலிக்குதுங்கிறான். இது டிங்கி. காய்ச்சல் விட்டப்புறம்தான் ஆபத்து, கிளம்பு" என்றார். தன் பிள்ளைக்கு வந்தபோது கற்றுக்கொண்டதாம். அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. மருத்துவமனையில் இரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன என்று சொல்லி உடனே வார்டில் சேர்த்தார்கள்.

அக்கா, நீங்கள் அன்று சேறு காயாத பூட்ஸோடு எங்களோடு காரில் ஏறினீர்கள். ஐந்து நாள் நான் வார்டில். மற்ற மூவரும் மூன்று வீட்டில். தாய்ப்பாலை மறக்காத பாப்பாவை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மருத்துவமனை வாசலுக்குத் தூக்கி வந்தது யார் யார் என்று முழுக் கணக்குகூட என்னிடம் இல்லை. விட்டுப்போன பெயர்கள் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன்களின் வகுப்பு ஆசிரியைக்கு: சின்னவன் வகுப்பில் பேசுவதையே நிறுத்திக்கொண்டான் என்று நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்காமல், இரண்டு கடிகாரம் வரையச் சொன்னீர்கள், ஒன்று நம் நேரம், ஒன்று அப்பா நேரம். ஆறு மணி வித்தியாசம் என்று வகுப்புக்கே அவன் விளக்கினான். மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளி வித்தியாசம் ஐந்தானபோது, முள்ளை மாற்ற அவனே எழுந்து போனானாம். அந்தக் கடிகாரம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அப்பா வந்த பிறகும் கழற்ற விடமாட்டேன் என்கிறான்.

தைப்பூசத்துக்கு மூத்தவள் பால்குடம் எடுக்க ஈப்போ குனோங் சீரோ கோயில் வரைக்கும் அழைத்துப்போன மாமாவுக்கும், விரதச் சாப்பாட்டை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த அத்தைக்கும் நன்றி. படைவீரர் குடும்பங்களுக்கான நலச் சங்கமான பாக்காட்டின் சகோதரிகளுக்கும் நன்றி. உங்கள் கணவர்களும் அங்கேதான் இருந்தார்கள், இருந்தும் எனக்கு மாதாமாதம் கூப்பிட்டுப் பேசினீர்கள்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். கோழி ஹலால் கடையில்தான் வாங்குகிறேன், மக்சிக் கவலைப்படவேண்டாம். உங்கள் பாத்திரங்கள் இருபத்து மூன்று எங்கள் அலமாரியில் இருக்கின்றன. வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பார் அம்மா. முறுக்கும் நெய்யுருண்டையும் போட்டு, ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரை மூத்தவள் எழுதி ஒட்டியிருக்கிறாள். நீல மூடி போட்ட பெரிய டப்பா யாருடையது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் மருத்துவமனையில் இருந்த வாரம், ரசத்தோடு வாசலில் இருந்தது அது. உங்களுடையது என்றால் அவசியம் வாருங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்.