‘டக்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பல பொருள்களை விளக்கும் பகுதியைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அண்மையில் ‘டக்’ என்ற சொல்லுக்கு ‘வாத்து, குனி, பூஜ்யம், முரட்டுத் துணி’ என்று ஒரே வரியில் நான்கு பொருள்கள் தரப்பட்டிருந்தன. நான்கும் சரியானவையே. ஆனால், இவற்றுள் எவை ஒன்றுக்கொன்று உறவுடையவை, எது வேற்று மொழியிலிருந்து வந்து அதே எழுத்துகளில் ஒட்டிக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டதால், மாணவர்களுக்கு நான்கையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது.

அகராதிகள் வழக்கமாக வாத்தை முதலில் வைக்கின்றன. சொல்லின் வரலாறோ வினையிலிருந்து தொடங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் வாத்துக்கு ‘எனெட்’ என்ற வேறொரு பெயர் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் வாத்தை ‘என்ட்டெ’ என்பது அதன் உறவுச் சொல்தான். நீருக்குள் தலையை அமிழ்த்தி மூழ்குவதைக் குறித்த ஒரு வினையடியிலிருந்து, ‘மூழ்குவது’ என்ற பொருளில் அப்பறவைக்கு இன்னொரு பெயர் கிடைத்தது. காலப்போக்கில் பழைய பெயர் வழக்கொழிய, புதியது நிலைத்துவிட்டது. ஆகவே வாத்தைப் பார்த்துக் ‘குனி’ என்ற பொருள் பிறக்கவில்லை. குனிந்து மூழ்கும் பழக்கத்தால்தான் பறவைக்கே அந்தப் பெயர். இதை ஒருமுறை சொல்லிவிட்டால், எகிறி வரும் பந்துக்கு மட்டையாளர் தலையைத் தாழ்த்துவதும், சங்கடமான கேள்விக்கு ஓர் அமைச்சர் பதில் சொல்லாமல் நழுவுவதும் ஒரே வினையால் குறிக்கப்படுவது மாணவர்களுக்குப் புதிராகத் தோன்றாது.

பெயரா வினையா என்று பிரித்தறியும் பயிற்சிதான் இங்கே முதன்மையானது. மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் ‘ஐ ஸா ஹெர் டக்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘அவளுடைய வாத்தைப் பார்த்தேன்’ என்றும் கொள்ளலாம். ‘அவள் சட்டெனக் குனிந்ததைப் பார்த்தேன்’ என்றும் கொள்ளலாம். இந்த மயக்கத்துக்கு ‘டக்’ மட்டுமே காரணமன்று. ‘ஹெர்’ என்ற சொல் ‘அவளுடைய’, ‘அவளை’ ஆகிய இரண்டுக்கும் பொதுவாக இருப்பதும் சேர்ந்துதான் குழப்பம் விளைகிறது. அதே இடத்தில் ஓர் ஆணை வைத்துப் பாருங்கள்: ‘ஹிஸ் டக்’ என்றால் வாத்து, ‘ஹிம் டக்’ என்றால் குனிதல், மயக்கம் உடனே தீர்ந்துவிடும். ‘ஆடு’ என்ற ஒரே வடிவம் விலங்கையும் வினையையும் குறிப்பதை நாம் தடுமாறாமல் புரிந்துகொள்கிறோம் என்றால், அதற்குப் பெரிதும் துணை நிற்பவை நம் வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளுமே. அவை மிகக் குறைவாக உள்ள ஆங்கிலத்தில், பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பொருளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டில் வரும் ‘டக்’, வாத்திலிருந்து நேராக வந்ததன்று. இடையில் ஒரு முட்டை இருக்கிறது. பூஜ்யத்தின் வடிவத்தைப் பார்த்து ‘வாத்து முட்டை’ என்று 19ஆம் நூற்றாண்டில் சொல்லத் தொடங்கி, பின்னர் முட்டையை விட்டுவிட்டு வாத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தேர்வில் பூஜ்யம் எடுத்தவரை ‘முட்டை வாங்கியவர்’ என்று கேலி செய்யும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1948ஆம் ஆண்டு ஓவல் மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆடவந்த ஆஸ்திரேலிய மட்டையாளர் டான் பிராட்மேன், சராசரி 100ஐத் தொட 4 ரன்களே தேவைப்பட்ட நிலையில், இங்கிலாந்தின் எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே ரன் எதுவும் எடுக்காமல் போல்டானார், சராசரி 99.94 என்று நின்றுவிட்டது. முதல் பந்திலேயே வீழ்ந்திருந்தால் அதைத் ‘தங்க டக்’ என்றிருப்பார்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: நாம் தாராளமாகப் புழங்கும் ‘டக் அவுட்’ என்ற தொடர் இங்கிலாந்தின் வழக்கன்று, ‘அவுட் ஃபார் எ டக்’ என்பதே அங்குள்ள மரபு. ‘டக் அவுட்’ என்று வினையாகச் சொன்னால், ஒரு பொறுப்பிலிருந்து நைசாக நழுவிக்கொள்வது என்றே அவர்கள் பொருள்கொள்வார்கள்.

‘லேம் டக்’ என்பது அரசியல் செய்திகளில் வருவது. இதை ‘நொண்டி வாத்து’ என்று பெயர்த்தால் தமிழில் எதுவுமே விளங்காது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தையில், கடனைக் கட்ட முடியாமல் போனவரை அப்படி அழைத்தார்கள். 1761ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் எழுதிய கடிதமொன்றில் சந்தைக் காளை (விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர்), சந்தைக் கரடி (விலை இறங்கும் என்று எதிர்பார்த்து விற்பவர்) ஆகியவற்றோடு இந்த வாத்தும் இடம்பெறுகிறது. காளையும் கரடியும் நம் வணிகப் பக்கங்களில் நிலைத்துவிட்டன. வாத்து மட்டும் அமெரிக்க அரசியலுக்குக் குடிபெயர்ந்து, பதவிக்காலம் முடியும் தறுவாயில் செல்வாக்கிழந்து நிற்பவரைக் குறிக்கலாயிற்று. தேர்தலில் புதியவர் வென்ற பிறகும் பழையவர் பதவியில் நீடிக்கும் இடைக்காலத்தைக் குறைப்பதற்காகவே அந்நாட்டு அரசமைப்பில் 1933ஆம் ஆண்டு 20ஆவது திருத்தம் ஏற்கப்பட்டு, அதிபர் பதவியேற்கும் நாள் மார்ச் 4இலிருந்து ஜனவரி 20க்கு மாற்றப்பட்டது.

எஞ்சியது துணி. இதற்கும் பறவைக்கும் எந்த உறவும் இல்லை. ‘துணி’ என்று பொருள்படும் ‘டூக்’ என்ற டச்சுச் சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, ஒலி சற்று மாறி ‘டக்’ ஆயிற்று. பாய்மரத்துக்கும் மாலுமிகளின் காற்சட்டைக்கும் பயன்பட்ட, நெருக்கமாக நெய்த கெட்டித் துணி அது. நல்ல அகராதிகளில் ‘டக்’ என்ற தலைச்சொல்லின் தோளில் 1, 2, 3 என்று சிறு எண்கள் இருக்கும். எழுத்து ஒன்றானாலும் தனித்தனிச் சொற்களாகக் கருத வேண்டியவை என்பதற்கான அடையாளம் அது. பள்ளிகளில் இந்த எண்ணைக் கவனிக்க ஏனோ யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே, இனிவரும் வாரங்களில் பொருள்களை ஒரே வரியில் அடுக்காமல், ஒரு வேரில் கிளைத்தவற்றை ஒரு பத்தியிலும், தற்செயலாக எழுத்தொன்றியவற்றை வேறு பத்தியிலும், பொருளுக்கு ஒரு முழு வாக்கியத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்து ‘கிரேன்’, ‘சீல்’ ஆகிய இரண்டையும் அருகருகே வெளியிட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும்: பளு தூக்கும் கிரேன், கிரேன் என்றே அழைக்கப்படும் பறவையின் நீண்ட கழுத்தைப் பார்த்துப் பெயர் பெற்றது, கடல் விலங்கான சீலும் அரக்கு முத்திரையான சீலும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்தவை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்