பங்க் இருந்த மனையில் மண் பரிசோதனை இல்லாமல் வீடு கட்ட அனுமதிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த பெட்ரோல் பங்க், நிலத்தின் குத்தகைக் காலம் முடிந்ததால் மூடப்பட்டு, கூரையும் பம்புகளும் அகற்றப்பட்டு, இப்போது வெறும் மனையாகக் கிடக்கிறது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வரவிருக்கிறது. போர் போடும் இடத்தைக்கூடக் குறித்துவிட்டார்கள். நிலத்தடித் தொட்டிகளைத் தோண்டி எடுத்த அன்று குழியின் அடிமண் கறுத்திருந்ததையும், பெட்ரோல் வாடை இரண்டு நாள்வரை தெருவை விட்டு அகலாததையும் அக்கம்பக்கத்தார் அனைவரும் அறிவோம். அந்த மண்ணில் ஒரு பிடியைக்கூட யாரும் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லவில்லை. லாரியில் கொண்டுவந்த மணலைக் கொட்டிக் குழியைச் சமன் செய்ததோடு வேலை முடிந்துவிட்டது.

2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, புதிதாகத் தொடங்கும் பங்க் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். அவ்வளவு முன்னெச்சரிக்கை தேவைப்படும் ஒரு தொழில் நாற்பது ஆண்டுகள் நடந்த அதே மண்ணின் மேல் குழந்தைகள் குடியேறப்போகும்போது, கீழே என்ன இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை என்பதே என் கவலை.

பழைய பங்க்குகளின் தொட்டிகள் இரும்பாலானவை. மண்ணின் ஈரத்தில் வெளிப்புறமாகவும், அடியில் தேங்கும் நீரால் உட்புறமாகவும் அவை துருப்பிடிக்கின்றன. தொட்டியைவிடக் குழாய் இணைப்புகளில்தான் கசிவு எளிதில் உண்டாகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கசிந்தால் பத்து ஆண்டுகளில் 3,650 லிட்டர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டியில் காலையில் அளவுகோலை இறக்கிப் பார்ப்பவருக்கு இந்தக் குறைவு ஆவியாகிப்போன கணக்கில் மறைந்துவிடும். கசிந்த பெட்ரோலில் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை உள்ளன. இவற்றில் பென்சீன் மனிதருக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. நம் நாட்டில் 2000 பிப்ரவரிக்குப் பிறகே ஈயம் கலக்காத பெட்ரோல் எங்கும் விற்பனைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன்பிருந்தே இயங்கிய பங்க்குகளின் மண்ணில் ஈயமும் தங்கியிருக்கக்கூடும். பென்சீனையாவது நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைக்கும், ஈயத்தை எதுவும் சிதைப்பதில்லை.

டெல்டாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது என்பதால் நிலத்தடி நீரின் மேல் படலமாக மிதக்கும். மேட்டூர் அணை திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் எங்கள் பகுதியில் நீர்மட்டம் மளமளவென்று ஏறுகிறது. கோடையில் மீண்டும் இறங்குகிறது. நீரோடு ஏறி இறங்கும் அந்தப் படலம், இடைப்பட்ட மண் முழுவதிலும் எண்ணெயைப் பூசிவிடுகிறது. எனவே கோடையில் ஒரே ஒரு முறை மேல்மண்ணை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மாசு இல்லை என்று எழுதித் தருவது போதாது. தண்ணீர் வருவதற்கு முன்னும் வந்த பின்னும், பல ஆழங்களில் மண்ணையும் நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியதைக் கண்ட மாவட்டம் இது. அங்கே கண்ணுக்குத் தெரிந்ததால் ஊரே திரண்டது. பங்க்கின் கசிவோ கண்ணுக்குத் தெரியாது. சென்னைத் தண்டையார்பேட்டையில் நிலத்துக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்ததும், 2013இல் வீடுகளின் போர் தண்ணீரில் எண்ணெய் வந்த பிறகே வெளியில் தெரிந்தது.

சுத்தம் செய்ய வழி இல்லாமல் இல்லை. அதிகம் ஊறிய மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தலாம். ஆனால் அதைக் குளக்கரையிலோ பள்ளக்காட்டிலோ கொட்டினால் மாசு இடம் மாறியதாகவே ஆகும். மணற்பாங்கான மண்ணில் குழாய்களைப் பதித்து ஆவியை உறிஞ்சி எடுத்துக் கரியில் வடிகட்டலாம். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கொண்டு, காற்றும் ஈரமும் உரமும் கொடுத்து மண்ணை மெல்ல மீட்கும் முறையை நம் நாட்டு ஆய்வு நிறுவனங்களே எண்ணெய்க் கிணற்றுப் பகுதிகளில் செய்து காட்டியுள்ளன. களிமண்ணில் இவை மெதுவாகவே நடக்கும், சில ஆண்டுகள்கூட ஆகலாம். அமெரிக்காவில் 1984இல் நிலத்தடித் தொட்டிகளுக்கென்றே சட்ட ஏற்பாடு செய்து தேடத் தொடங்கிய பிறகு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதியாயின. அவற்றில் பெரும்பகுதி சுத்தம் செய்யப்பட்டும் விட்டது. தேடியதால்தான் கண்டுபிடித்தார்கள்.

நமக்கும் இப்போது விதி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசடைந்த இடங்களின் மேலாண்மை விதிகள், சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அளித்துள்ளன. மாசு உறுதியானால் அதற்குக் காரணமானவரே செலவை ஏற்க வேண்டும். பெட்ரோலிய விதிகளின்படி, காவல் ஆணையர் இல்லாத எங்கள் ஊர் போன்ற இடங்களில் பங்க் தொடங்கத் தடையின்மைச் சான்று வழங்குவதும் மாவட்ட ஆட்சியர்தான். எந்தெந்த மனையில் எப்போது பங்க் இருந்தது என்பதற்கான கோப்புகள் அதே அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். அவற்றைப் புரட்டி, மூடப்பட்ட பங்க்குகள் அனைத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்குமாறு ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய மனைகளுக்கு மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று மாநகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் நிபந்தனை விதிக்க வேண்டும். இதனால் நில உரிமையாளருக்குத் தாமதம் ஏற்படும் என்பது உண்மை. அந்தத் தாமதத்தின் செலவும் தொட்டியைப் புதைத்து வணிகம் செய்தவர்களையே சேர வேண்டும், வாடகைக்கு நிலம் கொடுத்தவரையோ வீடு வாங்குபவரையோ அல்ல.

எங்கள் தெருமுனை மனையில் தை மாதம் அடித்தளம் தோண்டப் போவதாகச் சொல்கிறார்கள். கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த மண்ணை மறுபடி பார்க்க முடியாது. அதற்குள் வாரியத்தின் அலுவலர்கள் ஒருமுறை வந்து மண்ணும், சுற்றியுள்ள வீடுகளின் போர் தண்ணீரும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.