விட்டுப்போன ஒரு ‘மில்லி’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அண்டார்டிகாவைப் பற்றி வந்த கட்டுரையைக் குளச்சலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு முன்னாலேயே படித்து முடித்திருந்த நண்பர் ஒருவர், “அண்ணாச்சி, பாத்தியளா? அடியில அடுப்பு எரியுதாம். பொறவு நம்ம காரு, பைக்கு புகையைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். கட்டுரையில் அப்படித்தான் இருந்தது. பனிக்கு அடியில் பூமியிலிருந்து சதுர மீட்டருக்கு ‘65 வாட்’ வெப்பம் ஏறுகிறது என்று அச்சாகியிருந்தது.

அது 65 மில்லிவாட், அதாவது நீங்கள் அச்சிட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்டங்களில் சராசரியாக நிலத்தடியிலிருந்து வரும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு சென்ட் நிலத்துக்கு இரண்டரை வாட் சொச்சம். மூன்றரை சென்ட் நிலத்தின் சூடு முழுவதையும் திரட்டினால் ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்றுக்கு ஈடாகும். இந்தச் சூட்டில் வருஷத்துக்கு ஆறேழு மில்லிமீட்டர் பனிதான் உருக முடியும், அதுவும் அடிப்பனி உருகுநிலையில் இருந்தால். நீங்கள் அச்சிட்டபடி 65 வாட் என்றால் வருஷத்துக்கு ஆறேழு மீட்டர். அண்டார்டிகாவில் பனியின் சராசரி கனம் சுமார் 2 கிலோமீட்டர். பத்மநாபபுரம் அரண்மனையைக் கட்டத் தொடங்கிய 1600வாக்கில் உருக ஆரம்பித்திருந்தாலும் திருவிதாங்கூர் ராஜா காலத்திலேயே தீர்ந்துபோயிருக்கும்.

சரி, இத்துனூண்டு சூட்டை அளக்க ஏன் விஞ்ஞானிகள் இந்தப் பாடு படுகிறார்கள் என்று கேட்கலாம். எனக்கு அது புரிந்தது படிப்பால் அல்ல. முப்பது வருஷம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தவன் நான். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கேனை இறக்கினால் ஓரத்தில் இரண்டு விரற்கடை சீக்கிரம் உறைந்துவிடும். நடுவில் மிச்சம் இருக்கும் தண்ணீர் உறையத்தான் விடிய விடியக் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் உறைந்த ஐஸே வெப்பத்தை வெளியே விடாமல் மறிக்கும். அதையே மூன்று, நான்கு கிலோமீட்டர் கனத்துக்கு நினைத்துப் பாருங்கள். ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலையில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. அதே இடத்தில் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் பனிக்குக் கீழே ஒரு பெரிய ஏரி உறையாமல் கிடக்கிறது. மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும் அடியிலிருக்கும் சொற்பச் சூடு தப்பிக்க வழியில்லாமல் அங்கேயே தங்கிப்போகிறது.

அப்புறம் இன்னொன்று. உறைந்த ஐஸ் பாரைக் கேனிலிருந்து இழுத்து எடுக்க யாராலும் முடியாது. கேனைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவோம். ஓரத்தில் நூல் கனம் உருகும், அவ்வளவுதான். உடனே ஐம்பது கிலோ பார் வழுக்கிக்கொண்டு தரையில் ஓடும், கொக்கி போட்டு நிறுத்த வேண்டும். காலில் ஏறினால் நகம் போய்விடும், எனக்குப் போயிருக்கிறது. பனிப்பாளத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா, பாறையோடு ஒட்டி உறைந்திருக்கிறதா என்பதுதான் அது கடலை நோக்கி எவ்வளவு வேகமாக நகரும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆறு மில்லிமீட்டருக்கு மதிப்பு அங்கேதான்.

இதை அளப்பது லேசு இல்லை. பூமிக்குள் துளையிட்டு, ஆழம் போகப்போக எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்து, அதைப் பாறை வெப்பத்தைக் கடத்தும் திறனால் பெருக்க வேண்டும். கணக்கு சின்னது, துளைதான் பெரிது. பனியின் அடி வரைக்கும் போன துளைகளே கொஞ்சம். அண்டார்டிகாவில் பேர்ட் நிலையத்தில் 1968ல் 2,164 மீட்டர் இறங்கியபோது அடியில் தண்ணீர் இருந்தது. கிரீன்லாந்தில் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள். ஒன்றின் அடி மைனஸ் 9 டிகிரியை ஒட்டி உறைந்து கிடந்தது. மற்றதில், 2003ல் 3,085 மீட்டரில், தண்ணீர் துளைக்குள் ஏறி வந்தது. மேற்கு அண்டார்டிகாவில் விலன்ஸ் ஏரிக்கு 2013 ஜனவரியில் வெந்நீரைப் பாய்ச்சியே 800 மீட்டர் பனியைத் துளைத்தார்கள். ஏரியடிச் சேற்றில் கருவியைக் குத்தி அளந்தால் 285 மில்லிவாட் (80 கூடவோ குறையவோ இருக்கலாம்). சராசரியைப் போல நாலு மடங்கு! ஆனால் அந்த ஓர் இடத்தை வைத்துக் கண்டம் முழுவதும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. துளை போட முடியாத இடங்களில் விமானத்தில் பறந்து பாறையின் காந்தத்தை அளக்கிறார்கள். 580 டிகிரிக்கு மேல் மேக்னடைட் என்ற இரும்புத் தாது தன் காந்தத்தை இழந்துவிடும், எந்த ஆழத்தில் இழக்கிறது என்று தெரிந்தால் சூட்டை ஊகிக்கலாம். நிலநடுக்க அலைகளை வைத்தும் ஊகிக்கிறார்கள். இரண்டு வழியிலும் வரைந்த வரைபடங்கள் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கட்டுரையில் படம் போட்டிருந்தீர்களே, கொதிக்கும் எரிமலைக் குழம்பு, அது பொதுவான காரணம் அல்ல. கண்டத்துப் பாறையின் சூட்டில் பெரும்பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருகிறது. தோரியம் என்றால் எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது. இந்தியாவின் பாரதி நிலையம் இருக்கிற பிரிட்ஸ் விரிகுடாப் பக்கத்தில் தோரியம் மிகுந்த கிரானைட் இருக்கிறது, அங்கே பனிக்கடியில் சூடு சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தென்பகுதிக் கண்டங்களெல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையும் அந்தப் பக்கமும் அக்கம்பக்கத்து வீடுகள்தான்.

நண்பரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அடியிலிருக்கும் இந்தச் சூடு லட்சக்கணக்கான வருஷமாக ஏறக்குறைய ஒரே அளவில் வருவது. அதையும் தாங்கித்தான் பனி இருந்தது. இந்த வருஷம் ஜனவரி, போன வருஷம் ஜனவரி என்று மாறுவது அது அல்ல. இப்போது அண்டார்டிகாவின் பனி குறைய முக்கியக் காரணம், ஓரத்தில் மிதக்கும் பனியைக் கீழிருந்து அரிக்கும் வெதுவெதுப்பான கடல்நீர்.

2025 ஜனவரியில் அண்டார்டிகாவில் ஐரோப்பியக் குழு ஒன்று 2,800 மீட்டர் துளைத்து 12 லட்சம் வருஷத்துக்கும் மேல் பழைய பனியை எடுத்தது. சூடு அதிகமாக இருக்கும் இடத்தில் துளைத்திருந்தால் அந்தப் பழைய பனி அடியிலேயே உருகிப் போயிருக்கும். இடம் தேடவே பல வருஷம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

திருத்தம் போடுவதானால், நாலாம் பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள். ஞாயிறு இணைப்பிலேயே போடுங்கள். எங்கள் டீக்கடைக்காரர் அதை மட்டும்தான் எடுத்து வைக்கிறார், மிச்சமெல்லாம் அன்றைக்கே வடை மடிக்கப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர் (ஓய்வு),
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்