கிராவ்டாலில் இருக்கும் மகளுக்கு

அன்பான பிள்ளைக்கு,

நோர்வேயின் வடக்கே அந்த லோஃபோட்டன் தீவுகளில் மலையையும் கடலையும் விட்டால் ஒன்றுமில்லை, லீவு நாளில் எங்கே போவதென்றே தெரியவில்லை என்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அங்கே உள்ள மரத் தேவாலயங்களைப் போய்ப் பார்.

முதலில் காபெல்வோக். உன் இடத்திலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. சின்ன ஊர்தான். ஆனால் 1898இல் கட்டிய அந்த மஞ்சள் நிற வோகன் தேவாலயத்துக்குள் 1,200 பேர் இருக்கலாம். முழுக்க மரம். இத்தனை பெரிது எதற்கு என்று யாரும் கேட்பார்கள். ஊர்ச்சனத்தின் கணக்கில் அதைக் கட்டவில்லை, மீனின் கணக்கில் கட்டினார்கள். தை மாசம் தொடங்கி சித்திரை வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட அங்கே வரும். அதன் பின்னால் நோர்வேக் கரை முழுக்க இருந்து மீனவர்கள் வருவார்கள். 1895 சீசனில் மட்டும் 30,000 பேருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகக்கூடாது. அத்தனை பேரும் கரையில்!

ஃபின்மார்க்கில் மீன் பக்டரியில் நின்று வேலை செய்தவன் நான். சீசனுக்கு ஒரு ஊர் எப்படி நிரம்பும், முடிந்ததும் எப்படிக் காலியாகும் என்று எனக்குத் தெரியும். அந்த வாங்கில் போய் இருந்தபோது கட்டடத்தின் அளவு எனக்கு விசித்திரமாகவே படவில்லை. அங்கே கோயில் வந்ததே மீனால்தான். 1100களின் தொடக்கத்தில் நோர்வேயின் ஒய்ஸ்டைன் அரசன் அந்த வோகன் பகுதியில் தேவாலயம் கட்டினான். காய்ந்த கொட் மீன் பேர்கன் துறைமுகம் வழியாகப் போய், விரத நாளில் இறைச்சி தொடாத ஐரோப்பாவுக்கெல்லாம் சாப்பாடானது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஃப்ளாக்ஸ்டா. லெக்னெஸிலிருந்து மேற்கே, கடலுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையைத் தாண்டி அரை மணித்தியாலம். 1780இல் கட்டியது, சிவப்பு நிறம், உச்சியில் வெங்காயம் மாதிரி ஒரு கூம்பு. லோஃபோட்டனில் வீடு கட்டக்கூடிய மரம் வளராது. சைபீரிய ஆறுகளிலிருந்து கடலோடு மிதந்து வந்து கரையொதுங்கிய மரத்தில் அதைக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே, திறந்திருந்தால் உள்ளே போ. கட்டடமே சிலுவை வடிவம்; அதன் நாலு கைகளும் சேரும் மூலையில் நின்று பார். முழு மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முனையில் வெட்டிக் கொளுவி நிறுத்தும் சுவர் அது. ஒரு மரத்தின் நீளத்துக்கு மேல் சுவரை இழுத்தால் பலம் குறையும். சிலுவை வடிவத்தில் கட்டினால் ஒவ்வொரு கையும் குட்டையாகவே இருக்கும், மடிந்து வரும் மூலைகள் காற்றுக்கு முண்டு கொடுக்கும். சமயத்துக்கும் பொருத்தம், தச்சனுக்கும் வசதி. அந்த வெளியில் அடிக்கிற காற்றை ஒரு நாள் வாங்கிப் பார்த்தால் தச்சன் பக்கம்தான் சேருவாய்.

உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நிற்கும் புக்ஸ்நெஸ் தேவாலயத்தைத் தினமும் பார்க்கிறாய் அல்லவா? 1905, கார்ல் நோரும் வரைந்தது. கூரை முனைகளில் பாம்புத்தலை போல நீட்டிக்கொண்டிருப்பவை பழைய மரக்கோயில்களைப் பார்த்துச் செய்த டிராகன்கள். நோர்வே சுவீடனை விட்டுப் பிரிந்த அதே வருசம். தங்களுக்கென்று ஒரு பழமை வேண்டும் என்ற வேகம் அப்போது இருந்தது. எனக்கு அது கொஞ்சம் நகை கூடிய பெண்பிள்ளை மாதிரித்தான் தெரியும். அம்மாவுக்கோ மூன்றிலும் அதுதான் அழகு.

இன்னும் ஒன்று மிச்சம். ரொஸ்ட் தீவின் தேவாலயத்தில் 1500களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் செதுக்கிய பீடச் சிற்பம் இருக்கிறது. டென்மார்க்கையும் நோர்வேயையும் ஆண்ட அரசன் இரண்டாம் கிறிஸ்டியனின் மனைவி இசபெல்லா கொடுத்தது என்பது கதை. அதே வகை இந்தக் கரையில் ஐந்துதான் உண்டு. நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனி மாசம் நாங்கள் வரும்போது போவோம், உன் டியூட்டி லிஸ்ட் வந்ததும் நாளைச் சொல். பூடே நகரத்திலிருந்து படகும் உண்டு, பிளேனும் உண்டு. அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, அவவுக்குப் பிளேன் டிக்கெட் பார். நீயும் நானும் படகில் போவோம்.

அன்புடன்,
அப்பா