பதிவு ரத்தாவது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மானியம் தரவில்லை என்று குறைப்படும் டர்பன் சங்கங்கள் பல, இலாபநோக்கற்ற அமைப்பு என்ற தம் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி, நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் கணக்கறிக்கை தயாராக வேண்டும். அடுத்த 2 மாதத்துக்குள் கணக்கு அதிகாரியின் (சங்கம் அமர்த்தும் தகுதிபெற்ற கணக்காளரின்) எழுத்துமூல அறிக்கை. 9 மாதத்துக்குள் இரண்டையும் செயல்பாட்டு அறிக்கையோடு சமூக மேம்பாட்டுத் துறையிடம் சேர்க்க வேண்டும். பிப்ரவரியில் கணக்கை முடிப்பவர்களுக்கு நவம்பர் இறுதிதான் கெடு. சட்டம் தணிக்கையாளர்தான் வேண்டும் என்று கேட்கவில்லை. சங்க விதியில் 'தணிக்கை செய்த கணக்கு' என்று தாமே எழுதிவைத்துக்கொண்டு வீண்செலவு செய்கிறார்கள்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். பொதுக்குழுவில் நிர்வாகிகள் மாறினால் ஒரு மாதத்துக்குள் புதியவர்களின் பெயர், முகவரியைத் தர வேண்டும். தராவிட்டால் துறையின் அறிவிப்பு பழைய செயலாளரின் வீட்டுக்குப் போகும். குறை தீர்க்கத் தரும் ஒரு மாதம் அங்கேயே கழிந்துவிடும், பிறகு ரத்து.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும், வருமான வரித்துறையின் 18ஏ அனுமதி தனி. அது இருப்பதால் இந்தப் பதிவும் இருக்கிறது என்று நினைப்பது, பாவம், நம் கோயில் குழுக்களிடமும் உண்டு.

துறையும் சும்மா இருக்கலாகாது. ரத்துக்கு முன் அறிவிப்பைத் தலைவர், பொருளாளர் இருவருக்கும் குறுஞ்செய்தியாகவும் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
சங்கப் பொருளாளர்கள் சிலர்,
சாட்ஸ்வர்த், டர்பன்